யார் செத்தார்கள், யாரைக் கொன்றார்கள்: ‘அகாமே கா கில்!’ குறித்த வாசகப் பார்வைகள்

‘அகாமே கா கில்!’ என்று பேச்செடுத்தாலே மங்கா வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நாயகர்களைச் சாகவிடாமல் காப்பாற்றிக்கொண்டே போகும் கதைகளுக்கு நடுவே, சாவைச் சாவாகவே காட்டிய துணிச்சலான படைப்பு என்று ஓர் அணி கொண்டாடுகிறது. இரத்தத்தையும் கண்ணீரையும் மலிவாக விற்ற படைப்பு என்று மற்றோர் அணி ஒதுக்குகிறது. தொடர் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் இந்த வழக்கு ஓயவில்லை. இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே அத்தியாயங்களைத்தான் சான்றாக எடுத்து வைக்கின்றன. அப்படியானால் கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தகாஹிரோ எழுத, தெட்சுயா தாஷிரோ வரைந்த இந்தத் தொடர், ஸ்குயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘கங்கன் ஜோக்கர்’ மாத இதழில் 2010 மார்ச் முதல் 2016 டிசம்பர் வரை வந்தது. நூல் வடிவில் 15 தொகுதிகள். 2014 ஜூலை முதல் டிசம்பர் வரை ஒயிட் ஃபாக்ஸ் நிறுவனம் இதை 24 பகுதிகள் கொண்ட அனிமேயாக எடுத்தது. அகாமேயின் சிறுவயதைச் சொல்லும் ‘அகாமே கா கில்! ஜீரோ’ என்ற முன்கதை, கெய் தோரு வரைய, தனியே 10 தொகுதிகளாக வந்தது. பின்னர் ‘ஹினோவா கா கிரஷ்!’ என்ற தொடர்ச்சியும் வந்தது.

இந்தப் படைப்பைப் பற்றிய வாசகக் கருத்துகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் நியாயத்தையும் எடை போடுவதே இக்கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாதிடும் இரு தரப்புமே, கதையில் எத்தனை நாயகர்கள் செத்தார்கள் என்றுதான் எண்ணுகின்றன. அந்த நாயகர்கள் யாரைக் கொன்றார்கள் என்ற கணக்கை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை. இந்தப் படைப்பு உயர்ந்து நிற்கும் இடங்களும் சறுக்கும் இடங்களும் அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கின்றன. முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. இன்னும் படிக்காதவர்கள் அதை மனத்தில் வைத்துத் தொடரலாம்.

முதல் அத்தியாயம் தரும் வாக்கு

வரிச்சுமையால் வாடும் தன் கிராமத்துக்குப் பணம் சம்பாதிக்கத் தலைநகருக்கு வருகிறான் தட்சுமி என்ற இளைஞன். கூடப் புறப்பட்ட சிறுவயதுத் தோழர்களான சாயோவும் இயேயாசுவும் வழியில் கொள்ளையர் தாக்குதலில் பிரிந்துபோகிறார்கள். கையில் இருந்த காசையும் நகரில் ஏமாந்து இழந்தவனை, ஆரியா என்ற செல்வந்தர் வீட்டுப் பெண் இரக்கப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போய் உணவும் படுக்கையும் கொடுக்கிறாள். ஒருநாள் இரவு, பேரரசை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்களின் ‘நைட் ரெய்டு’ என்ற கொலைக்குழு அந்த வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே வெட்டிச் சாய்க்கிறது. ஆரியாவைக் காக்க, அக்குழுவைச் சேர்ந்த அகாமேயின் வாளுக்கு எதிரே போய் நிற்கிறான் தட்சுமி.

அப்போது குழுவைச் சேர்ந்த லியோனே அந்த வீட்டின் கிடங்குக் கதவை உடைத்துத் திறக்கிறாள். உள்ளே சித்திரவதை செய்யப்பட்ட உடல்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று சாயோ. கூண்டுக்குள் நோயில் உருக்குலைந்து சாகக் கிடக்கிறான் இயேயாசு. மாட்டிக்கொண்ட ஆரியா மன்னிப்புக் கேட்கவில்லை. நாட்டுப்புறத்து ஏழைப் பெண் ஒருத்திக்குத் தன்னைவிட அழகான நேர்க்கூந்தல் இருந்ததைத் தாங்க முடியவில்லை என்று கத்துகிறாள். அகாமே முந்துவதற்குள் தட்சுமியே அவளை வெட்டிவிடுகிறான். அவன் முகத்தில் தயக்கம் தெரியவில்லை. அந்தத் தயக்கமின்மையைப் பார்த்துத்தான் குழு அவனைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது.

குழுவின் மறைவிடத்துக்கு வந்ததும், இவர்கள் நீதிக்காகப் போராடும் வீரர்கள் என்று நினைத்துப் பரவசப்படுகிறான் தட்சுமி. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எந்தக் காரணம் சொன்னாலும் நாங்கள் செய்வது கொலைதான், அதில் நீதி என்று ஒன்றும் கிடையாது, இதற்கான பலன் எங்களுக்கு ஒருநாள் வந்தே தீரும் என்று அவனுக்குப் புரியவைக்கிறார்கள். தொடர் முழுவதையும் தாங்கி நிற்கும் வாக்கு இது. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால்தான் பின்வரும் கருத்துகளைச் சீர்தூக்க முடியும்.

சாவை நேர்மை என்று கொள்பவர்கள்

தொடரைப் போற்றுபவர்கள் முதலில் சொல்வது, இதில் யாருக்கும் கவசம் கிடையாது என்பது. கதையின் மாய ஆயுதங்கள் ‘டெய்கு’ எனப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முதல் பேரரசர் 48 டெய்குகளைச் செய்வித்தார். டெய்கு வைத்திருக்கும் இருவர் கொல்லும் நோக்கோடு மோதினால் ஒருவர் கட்டாயம் சாவார் என்பது கதையுலகின் விதி. இதனால் ஒவ்வொரு மோதலும் யாருடைய கடைசி மோதலோ என்ற பதற்றத்தோடு தொடங்குகிறது.

அந்த விதியைக் கதை விட்டுக்கொடுப்பதில்லை. அனிமேயின் 6-ஆம் பகுதியில் ஷீலே சாகிறாள். 8-ஆம் பகுதியில், தட்சுமி அண்ணனாக நினைத்துப் பழகிய புலாட் சாகிறான். தட்சுமியையும் பின்னால் வந்து சேர்ந்த இருவரையும் சேர்த்தால் நைட் ரெய்டில் பத்துப் பேர். அனிமேயின் இறுதியில் எஞ்சுவது அகாமேயும் தலைவி நஜெண்டாவும் மட்டுமே.

சிறுவர் சாகச மங்காக்களில் நாயகனின் நண்பன் எவ்வளவு அடிபட்டாலும் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வந்துவிடுவான். அதில் சலித்துப்போன வாசகருக்கு இந்தத் தொடர் நேர்மையானதாகத் தோன்றியதில் வியப்பில்லை. காலமும் துணை நின்றது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ அனிமேயும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் அந்தத் திருமணப் படுகொலையும் 2013-இல் வந்தவை. முக்கியப் பாத்திரங்களையும் இழக்கத் துணியும் கதைகளுக்கு ரசிகர் கூட்டம் திரண்டிருந்த வேளையில்தான் இந்த அனிமே வந்து சேர்ந்தது. முதலில் சொன்ன வாக்கை இந்தத் தொடர் காப்பாற்றியது என்பது இவர்கள் தீர்ப்பு. நாயகர்களைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு சரியானதே.

அதிர்ச்சி வியாபாரம் என்பவர்கள்

மறுதரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. சாவு நிகழ்வதில் அவர்களுக்கு வருத்தமில்லை. சாவு வரும் வழி பழகிப்போய்விடுவதுதான் அவர்கள் குறை. ஒரு பாத்திரத்தின் பழைய கதை விரிவாகச் சொல்லப்பட்டால், அவருக்கு நாள் குறித்தாயிற்று என்று வாசகர் கண்டுகொள்கிறார். யாரேனும் எதிர்காலம் பற்றி ஆசையாகப் பேசினாலும் அப்படியே. அடுத்தது யார் என்று பந்தயம் கட்டும் மனநிலைக்கு வாசகர் வந்துவிட்டால் துயரத்துக்கு அங்கே இடமில்லை.

செல்சீயின் முடிவு இந்த வாதத்தில் அடிக்கடி வருகிறது. உருமாறிக் கொல்லும் திறன் கொண்ட அவள், குழுவில் சேர்ந்து வாசகர் மனத்தில் இடம்பிடித்த சிறிது காலத்திலேயே கொல்லப்படுகிறாள். வெட்டிய தலையை ஊர் நடுவே காட்சிக்கு வைக்கிறார்கள். கொலைத்தொழிலின் உண்மை முகம் அதுதான் என்கிறது முதல் அணி. அந்தப் படத்தின் அதிர்ச்சிக்காகவே அவளைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள் என்கிறது இரண்டாம் அணி.

இரண்டாம் அணியின் கூற்றில் பாதி சரி. செல்சீ நமக்கு அறிமுகமான வேகம் உண்மையிலேயே அதிகம். ஆனால் அவள் சாவுக்கு வலுவான காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. சற்றுமுன் அவள் ஒருவனைக் கொன்றிருக்கிறாள். அந்தக் கொலையைப் பற்றி இந்த வாதத்தில் யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

நகையும் குருதியும்

மூன்றாவது விவாதம் தொனி பற்றியது. ஒரு பக்கத்தில் பெண் பாத்திரங்களைச் சுற்றிய குறும்பும் கேலியும், அகாமேயின் தீராப் பசியும், குழுத்தோழன் லப்பாக்கின் ஒளிந்து பார்க்கும் வேலையும். மறுபக்கத்தைத் திருப்பினால் குடல் சரிந்த உடல். பலரால் இதைத் தாங்க முடியவில்லை. தொல்காப்பியம் வகுக்கும் எட்டு மெய்ப்பாடுகளில் நகையும் அழுகையும் இளிவரலும் இங்கே ஒரே அத்தியாயத்துக்குள் முட்டி மோதுகின்றன. எதுவும் நிலைத்து நிற்பதில்லை என்பது புகார்.

இதன் வேர் எழுத்தாளரின் பின்புலத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. தகாஹிரோ காட்சி நாவல் வகைக் கணினி விளையாட்டுகளுக்குக் கதை எழுதிப் பெயர் பெற்றவர். ‘சுயோகிஸ்’, ‘மஜிகோய்’ ஆகியவை அவர் கைவண்ணம். அந்த வகையில் ஒவ்வொரு பெண் பாத்திரத்துக்கும் பளிச்சென்று ஒரு குணம் இருக்கும். அன்றாடச் சில்லறை வேடிக்கைகள் வழியாகத்தான் அவர்களோடு நமக்கு நெருக்கம் உண்டாகும். அதே முறையை அவர் கொலைக்களத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். நாளை சாகப்போகிறவர்கள் இன்று சோற்றுக்கு அடித்துக்கொள்வதில் பொய்யில்லை. சண்டையின் நடுவிலும் அந்த வேடிக்கை நுழையும் இடங்களில்தான் கட்டு குலைகிறது. இந்தப் புகாரில் நியாயம் உண்டு; ஆனால் படைப்பின் தலைவிதியை முடிவு செய்யும் குறை இதுவன்று.

எதிரிக்கு முகம் உண்டா?

உண்மையான வழக்கு இங்கேதான். பேரரசின் தீயவர்கள் கேலிச்சித்திரம் போலத் தீயவர்கள் என்பது இந்தத் தொடர்மீது வைக்கப்படும் மிகப் பழைய குற்றச்சாட்டு. தின்றுகொண்டே சதி செய்யும் பிரதமர் ஹானஸ்டுக்கு நல்ல குணம் ஒன்றுகூட இல்லை. ஆரியாவுக்கும் அப்படியே. கொல்லப்படுபவர் முழு அரக்கராக இருந்தால், கொன்றவர் மனத்தில் என்ன பாரம் இருக்க முடியும்? ‘நாங்கள் செய்வது கொலைதான், அதில் நீதி இல்லை’ என்று சொல்லிவிட்டு, கொல்லத் தகுந்தவர்களை மட்டுமே எதிரே நிறுத்தினால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? தொடர்மீது வந்த விமர்சனங்களில் ஆழமானது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலும் அதே தொடருக்குள் இருக்கிறது. தட்சுமி குழுவில் சேர்ந்த பின் அவனுக்குத் தரப்படும் முதல் இலக்கு, காவல்படைத் தலைவன் ஓகர். கையூட்டு வாங்கிக்கொண்டு, குற்றமற்ற ஒருவனைக் கொலையாளியாக்கித் தூக்கிலேற்றியவன் அவன். செத்தவனை மணக்கவிருந்த பெண் தன் உடலை விற்றுக் காசு சேர்த்து வந்து நைட் ரெய்டிடம் பழி கேட்கிறாள். தட்சுமி ஓகரைக் கொல்கிறான். கணக்கு நேராகிவிட்டது என்று வாசகர் மூச்சு விடுகிறார்.

அடுத்து வருகிறாள் செர்யு, காவல்படையின் இளம்பெண். தந்தையைக் குற்றவாளிகளிடம் பறிகொடுத்தவளுக்கு ஓகர்தான் ஆசான். அவன் கையூட்டு வாங்கியது அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் நம்பமாட்டாள். தீயவர்கள் எல்லாரையும் ஒழிப்பதே நீதி என்று உறுதியாக நம்புகிறவள் அவள். ஓகரின் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பியவளிடம் ஒரு பூங்காவில் இரவில் நைட் ரெய்டின் மைனும் ஷீலேயும் சிக்குகிறார்கள். செர்யுவின் இரண்டு கைகளையும் ஷீலே வெட்டுகிறாள். உடலுக்குள் பதித்து வைத்த ஆயுதத்தால் செர்யு அவளை வீழ்த்த, செர்யுவின் நாய் உருவ டெய்குவான கோரோ அவளைக் கடித்துக் குதறுகிறது. கடைசி மூச்சில் தன் டெய்குவின் ஒளியைப் பாய்ச்சி மைனைத் தப்பவைக்கிறாள் ஷீலே. பின்னொரு நாள் அந்த மைன் கையால் செர்யு சாகிறாள்.

இழந்தவர்களின் கண்ணீர் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவதைப் பாருங்கள். மணமகனை இழந்த பெண், ஓகர், செர்யு, ஷீலே, மைன், மறுபடி செர்யு. எந்த இடத்திலும் சங்கிலி அறுவதில்லை. தட்சுமியின் முதல் வெற்றியே ஷீலேயின் சாவுக்கு வித்திட்டது. இதை எழுத்தாளர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய வரிசையிலேயே வைத்துவிட்டார். ஷீலேயின் சாவை அதிர்ச்சி வியாபாரம் என்பவர்கள் இந்த வரிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போல்ஸின் கதை இன்னும் கனமானது. பேரரசின் படைத்தலைவி எஸ்டெத் தலைமையில் நைட் ரெய்டை வேட்டையாட உருவான ‘யேகர்ஸ்’ படையில் ஒருவன் அவன். முகமூடியும் பேருடலுமாகப் பார்த்தாலே நடுங்கவைப்பவன், நெருப்பைக் கக்கும் டெய்குவோடு ஊர்களை எரித்தவன். ஆனால் கூச்ச சுபாவி, சமையலில் ஆர்வமுள்ளவன். மனைவியும் சின்ன மகளும் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தான் செய்தது பாவம், அதற்குரிய தண்டனை வரும் என்று அவனுக்கே தெரியும். நைட் ரெய்டு தட்சுமியிடம் சொன்ன அதே வாக்கு எதிரியின் வாயிலிருந்தும் வருகிறது. அவனைக் கொல்பவள் செல்சீ. அப்பாவி போல் உருமாறி, உதவ வந்தவனின் இரக்கத்தையே பயன்படுத்திக் கொல்கிறாள். உடனே அதே படையில் இருக்கும் அகாமேயின் தங்கை குரோமேயைத் தேடிப் போகிறாள், சாகிறாள். காட்சிக்கு வைக்கப்பட்ட அவள் தலையைப் பற்றிப் பேசும் வாசகர், போல்ஸின் மகளையும் சேர்த்துப் பேசினால்தான் அந்த அத்தியாயம் முழுமையாகப் புரியும்.

அதே மங்கா பிற்பகுதியில் தடம் புரள்கிறது. பிரதமரின் மகன் ஷூரா கூட்டி வரும் ‘வைல்ட் ஹன்ட்’ என்ற கும்பலுக்கு எந்தப் பின்புலமும் இல்லை. கொடுமை செய்வது ஒன்றே அவர்கள் வேலை. போல்ஸின் மனைவியும் மகளும் அவர்கள் கையில் மாட்டிச் சாகிறார்கள். பாலியல் வன்முறையை இந்தப் பகுதி கையாண்ட விதத்தை, தொடரை நேசிப்பவர்களே கண்டித்தார்கள். நானும் கண்டிக்கிறேன். போல்ஸின் குடும்பம் நைட் ரெய்டின் மனச்சாட்சிக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டியது. செல்சீ கொன்றவனின் மனைவி என்ன ஆனாள் என்று நாயகர்கள் ஒருமுறையேனும் நினைத்துப் பார்க்க வாய்ப்பிருந்தது. வேறொரு கும்பலிடம் அந்தக் குடும்பத்தைப் பலிகொடுத்ததன் மூலம் கதை தன் கடனைப் பிறர் தலையில் கட்டிவிட்டது. அனிமே இந்தக் கும்பலைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டு ஷூராவை மட்டும் வைத்துக்கொண்டது நல்ல முடிவு.

எஸ்டெத் என்ற சிக்கல்

இந்தத் தொடரின் பாத்திரங்களில் ரசிகர் கூட்டம் அதிகம் சேர்ந்தது எஸ்டெத்துக்கு என்றால் மிகையில்லை. வலியவர் வாழ்வர், மெலியவர் மாள்வர் என்று வேட்டைக்குடித் தந்தையிடம் கற்று, அதையே அறமாகக் கொண்டவள், பனியை ஆளும் படைத்தலைவி, சித்திரவதையை ரசிப்பவள். அப்படிப்பட்டவள் ஒரு போட்டியில் தட்சுமியின் புன்னகையைக் கண்டு காதல் கொள்கிறாள். அவன் கழுத்தில் சங்கிலி மாட்டி இழுத்துப் போகிறாள். அவளது காதல் உண்மையானது, கொடுமையும் உண்மையானது. ஒன்றுக்காக மற்றொன்றை அவள் விடுவதில்லை.

அவளை ரசிப்பது கொடுமையை ரசிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவள் திருந்தியிருக்க வேண்டும் என்று ஏங்குபவர்களும் உண்டு. கதை அவளைத் திருத்தாமல் விட்டதே சரி. தன் நெறியில் கடைசிவரை ஊன்றி நின்று தோற்பதால்தான் அவளிடம் காவியத் தன்மை தெரிகிறது. ஹானஸ்டிடம் இல்லாதது இந்த ஊன்றுதல்தான். இருவரும் தீயவர்களே. ஒருத்தியின் தீமைக்கு ஒரு வாழ்க்கை பின்னால் இருக்கிறது. மற்றவனிடம் பசி மட்டுமே இருக்கிறது.

இரண்டு முடிவுகள்

அனிமே ஓடியபோது மங்கா முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதனால் அனிமே பிற்பகுதியில் தனிவழி போயிற்று. பேரரசனின் மாபெரும் கவச உருவத்தை உடைத்துவிட்டு, அது மக்கள்மேல் விழாமல் தாங்கி உயிர்விடுகிறான் தட்சுமி. அதற்கு முன்பே, பெருந்தளபதி புடோவை வீழ்த்திய மைன் அவன் கைகளில் சாகிறாள். அகாமே தன் தங்கை குரோமேயைத் தன் கையாலேயே கொல்கிறாள். ஹானஸ்டின் கைப்பாவையாக இருந்த சிறுவன் பேரரசனையும் புரட்சி விட்டுவைக்கவில்லை; அவன் தலையும் துண்டிக்கப்படுகிறது.

மங்காவில் மைன் நினைவிழந்து கிடந்து மீள்கிறாள். இன்குர்சியோ என்ற டெய்குக் கவசத்தோடு ஒன்றிப்போன தட்சுமி மனித உருவை இழந்தும் உயிரோடு இருந்து மைனோடு குடும்பம் நடத்துகிறான். அகாமேக்கும் குரோமேக்கும் நடக்கும் இறுதிப் போரில் யேகர்ஸ் படையின் வேவ் குறுக்கே பாய்ந்து குரோமேயைக் காப்பாற்றுகிறான். எதிர்ப்படையைச் சேர்ந்த அந்த இருவருக்கும் வாழ்வு கிடைக்கிறது.

அனிமேயை ஆதரிப்பவர்கள், முதல் வாக்கை அதுதான் கடைசிவரை காத்தது என்கிறார்கள். மங்காவை ஆதரிப்பவர்கள், அனிமே அவசரமாகக் கொன்று தள்ளியதாகவும் மங்கா பாத்திரங்களுக்கு உரிய நேரம் தந்ததாகவும் சொல்கிறார்கள். இங்கேயும் எத்தனை நாயகர்கள் மிஞ்சினார்கள் என்ற எண்ணிக்கைதான் அளவுகோலாக இருக்கிறது. என் கணக்கில் மங்காவின் முடிவே மேலானது. தட்சுமி பிழைத்ததற்காக இதைச் சொல்லவில்லை. குரோமேயும் வேவும் பிழைத்ததற்காகச் சொல்கிறேன். எதிரியையும் வாழவிடலாம் என்று கொலைஞர்களின் கதை ஒப்புக்கொண்ட இடம் அது. ஆனால் சிறுவன் பேரரசனின் சாவைக் காட்டிய அனிமேயின் கண்டிப்பையும் மறக்கக் கூடாது. ஏமாற்றப்பட்ட ஒரு குழந்தையையும் கொன்றுதான் புதிய அரசு எழுகிறது என்று காட்டி, வெற்றியின் இனிப்பைக் கெடுத்துவிடுகிறது அது.

வரலாறு சொன்ன முடிவு

கிளர்ச்சிக்காரர்களின் கொலைஞர் என்பது ஜப்பானியக் கற்பனையில் திடீரென்று முளைத்த பாத்திரமன்று. தோகுகாவா ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், 1860-களின் கியோட்டோவில், ஆட்சிக்கு எதிரான அணிகள் ஆள் வைத்து எதிரிகளைக் கொன்றன. ‘ஹிதோகிரி’ என்று பெயர் பெற்ற நான்கு வாள்வீரர்கள் இன்றும் பேசப்படுகிறார்கள். தனாகா ஷின்பேய் 1863-இல் பிடிபட்ட நிலையில் தற்கொலை செய்துகொண்டார். ஒகாடா இசோவுக்கு 1865-இல் அவரது சொந்தத் தோசா பிரதேச அரசே மரண தண்டனை கொடுத்தது. கவகாமி கென்சாய் புரட்சி வென்ற பின்னும் பழைய கொள்கையை விடாததால் 1872-இல் புதிய மெய்ஜி அரசின் கையாலேயே கொல்லப்பட்டார். நகாமுரா ஹன்ஜிரோ பெயரை மாற்றிக்கொண்டு படைத்தளபதியாக உயர்ந்தார். 1877 சத்சுமா கலகத்தில் அரசை எதிர்த்துச் செத்தார். பழைய ஆட்சியை வீழ்த்தப் பயன்பட்ட வாள், புதிய ஆட்சிக்கு வேண்டாததாகிவிட்டது.

இந்த நினைவிலிருந்து கதைகள் கிளைத்தன. 1994 முதல் 1999 வரை வந்த ‘ரூரோனி கென்ஷின்’ மங்காவின் நாயகன் கவகாமி கென்சாயை முன்மாதிரியாகக் கொண்டவன். புரட்சிக்காகக் கொன்று குவித்தவன், இனி யாரையும் கொல்வதில்லை என்ற உறுதியோடு வெட்டும் விளிம்பு உட்புறம் திரும்பிய வாளை ஏந்தி அலைகிறான். தான் கொன்றவர்களின் உறவினர்கள் அவனைத் தேடி வருகிறார்கள். 1972-இல் ‘ஹிஸ்ஸாட்சு ஷிகாகேனின்’ என்ற பெயரில் தொடங்கிய தொலைக்காட்சி வரிசையோ, எளியவர்கள் கொடுக்கும் சில காசுக்காகக் கொடியவர்களை இரவில் கொல்பவர்களின் கதை. உடலை விற்றுக் காசு கொண்டுவரும் பெண்ணும், கூலி வாங்கிக்கொண்டு ஓகரைக் கொல்லும் குழுவும் அந்த மரபின் நேரடி உறவினர்கள் போலத் தெரிகிறார்கள்.

இந்த இரு மரபுகளுக்கும் நடுவே நிற்கிறது ‘அகாமே கா கில்!’. எளியவர்களின் பழியைத் தீர்க்கும் நிறைவை அது ஹிஸ்ஸாட்சு வழியில் தருகிறது. கென்ஷின் வழியில், கொன்றவர் முகத்தை மறக்கவிடாத வேதனையையும் தர முயல்கிறது. முதலாவது அதற்கு எப்போதும் கைகூடுகிறது. இரண்டாவது விட்டு விட்டுத்தான் கைகூடுகிறது. வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்ததற்குக் காரணமும் இதுதான் என்பது என் கணிப்பு. பழி தீர்ந்த நிறைவைத் தேடி வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். வேதனையைத் தேடி வந்தவர்கள் பாதி வழியில் கைவிடப்பட்டார்கள்.

அகாமேயை அறிய முன்கதை

தலைப்பில் இருக்கும் அகாமே கதையில் பின்னால் நிற்கிறாள், கதை தட்சுமியின் கண் வழியே நகர்கிறது என்ற குறை பலருக்கு உண்டு. அதற்கு விடை ‘ஜீரோ’வில் இருக்கிறது. சிறுவயதிலேயே பெற்றோரால் பேரரசுக்கு விற்கப்பட்டு, தங்கையிடமிருந்து பிரிக்கப்பட்டு, கோசுகி என்பவனைத் தந்தையாக ஏற்று வளர்கிறாள் அகாமே. பேரரசுக்காகக் கொல்கிறாள், அதுவே நாட்டுக்கு நல்லது என்று மனமார நம்புகிறாள். அவள் வெட்டி வீழ்த்துபவர்களில் பின்னாளில் அவளே சேரப்போகும் கிளர்ச்சிக்காரர்களும் உண்டு.

முன்கதையைப் படித்தபின் முதன்மைத் தொடரின் அகாமே வேறு ஆளாகத் தெரிகிறாள். அவளது மௌனம் எழுத்தாளரின் கவனக்குறைவில்லை. செர்யு போலவே ஒருகாலத்தில் நீதி என்று நம்பிக் கொன்றவள் அவள். செர்யுவுக்கும் அவளுக்கும் இருக்கும் வேறுபாடு, தன் நம்பிக்கை பொய் என்று கண்டபோது அவள் விலகினாள் என்பது மட்டும்தான். ஒரு கீறலிலேயே கொல்லும் நஞ்சு வாளான முராசாமேயை எஸ்டெத்தோடு நடக்கும் இறுதிப் போரில் தன் உடலிலேயே பாய்ச்சிக்கொண்டு, அதன் சாபத்தைத் தாங்கிப் போரிடுகிறாள். இதுவரை பிறரைக் கொன்ற நஞ்சு இப்போது அவள் இரத்தத்திலும் ஓடுகிறது. தொடரின் முதல் வாக்கு நிறைவேறிய இடங்களில் மிகச் சரியானது இது. சாவு நிகழாமலே பலன் வந்து சேர்கிறது.

எங்கே முடிவது

வாசகர்களின் தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தால் இப்படிச் சொல்லலாம். சாவுகள் துணிச்சலானவை என்பது சரி. அவற்றுக்கான முன்னறிவிப்பு பழகிப்போகிறது என்பதும் சரி. தொனி தடுமாறுகிறது என்பது பாதி சரி. தீயவர்கள் எல்லாருமே தட்டையானவர்கள் என்பது தவறு. பேரரசின் உச்சியில் இருப்பவர்களும் வைல்ட் ஹன்ட் கும்பலும் தட்டை, கீழே அந்த அரசுக்காகப் போரிடும் போல்ஸ், செர்யு, குரோமே, வேவ் ஆகியோர் தட்டையல்லர்.

இந்தத் தொடரை முதன்முதலாகப் படிக்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை, அனிமேயைப் பார்த்திருந்தாலும் மங்காவை முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள் என்பதே. முடித்ததும் ‘ஜீரோ’வைப் படியுங்கள். எழுதப்போகிறவர்களுக்கு இந்தத் தொடர் விட்டுச்செல்லும் பாடம் இன்னும் பெரியது. நாயகனைச் சாகடிப்பது கடினமான வேலையன்று. அதற்கு ஒரு பக்கம் போதும். அவன் கொன்றவனுக்கு ஒரு பெயரும், சாப்பாடு கொண்டுவரும் மகளும் இருந்ததைக் காட்டிவிட்டு, அதன் பிறகும் நாயகன் பக்கம் வாசகரை நிறுத்துவதுதான் கடினம். ‘அகாமே கா கில்!’ அதைச் சில முறை செய்து காட்டியிருக்கிறது. அந்தச் சில முறைகளுக்காகவே இருண்ட மிகைக்கற்பனைக் கதைகளின் வரிசையில் அதற்கு இடம் உண்டு. அவற்றை வைத்து அதை மதிப்பிடுவதே நியாயம்.